புகைபோக்கிக்கு எந்தக் கருவி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐயா, எங்கள் ஆலைக்கு எந்த பிராண்ட் செம்ஸ் (புகையைத் தொடர்ந்து அளக்கும் கருவி) சிறந்தது? (சுங்கை சிப்புட்)

என்ன எரிக்கிறீர்கள், புகையின் வெப்பம் என்ன, ஈரம் எவ்வளவு, புகையைத் தண்ணீரால் கழுவும் ஸ்க்ரப்பர் உண்டா? ஒன்றுமே எழுதவில்லை. மருந்துக்கடைக்குப் போய் “நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள்” என்று கேட்பதுபோல் இருக்கிறது. விவரம் அனுப்புங்கள், பிறகு பேசலாம்.

செம்பனை ஆலை. நாரும் ஓடும் எரிக்கிறோம். தண்ணீர் ஸ்க்ரப்பர் போட்ட பிறகு புகை அடர்த்தி மீட்டர் எப்போதும் உச்சத்திலேயே நிற்கிறது. “செட்டிங் மாற்றினால் சரியாகிவிடும்” என்கிறார் விற்றவர். (தெலுக் இந்தான்)

கருவிக்கு ஒன்றுமில்லை, விற்றவர்தான் கோளாறு. ஸ்க்ரப்பரைத் தாண்டிய புகை 60, 70 டிகிரியில் ஈரம் சொட்டச் சொட்ட ஏறுகிறது. அந்த மீட்டரின் ஒளிக்கற்றைக்கு நீர்த்துளியும் தூசியும் ஒன்றுதான். “செட்டிங்” என்று அவர் சொல்வது எண்ணைக் கீழே இழுத்துக் காட்டும் வேலை. நாளைக்கு உண்மையாகவே தூசி கூடினாலும் அந்தத் திரை சிரித்துக்கொண்டிருக்கும்.

ஈரப் புகைபோக்கிக்கு வேண்டியது புகையை உறிஞ்சி, சூடாக்கி, துளிகளை ஆவியாக்கிவிட்டு, அதன்பிறகு ஒளிச்சிதறலால் தூசியை அளக்கும் கருவி. விலை கூடத்தான். ஆனால் நம் வட்டாரத்தில் நடப்பது என்ன? மூன்று விலைப்பட்டியல் வாங்கி, ரிங்கிட் குறைந்ததில் கையெழுத்துப் போடுகிறார்கள். விற்பவர் புகைபோக்கி ஏணியில் ஒரு படிகூட ஏறுவதில்லை. ஓர் ஆலையில் லென்ஸில் அழுக்குப் படியாமல் காற்று ஊதும் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. லென்ஸை நகத்தால் சுரண்டினால் கரும்பசை வந்தது. கீழே கட்டுப்பாட்டு அறையில் அழகான கோடு ஓடிக்கொண்டிருந்தது! ஏறிப் பார்க்காமல் வாங்காதீர்கள். இதை எத்தனை முறை எழுதுவது?

இன்னொன்று. எந்த ஒளிக்கருவியும் தானாக மில்லிகிராம் சொல்லாது. ஐசோகைனெட்டிக் முறையில் (புகை ஓடும் அதே வேகத்தில் உறிஞ்சி) மாதிரி எடுத்து அதனுடன் ஒப்பிட்டுத்தான் அளவுகோல் அமைக்க வேண்டும். ஐரோப்பிய நெறிமுறை குறைந்தது 15 இணை அளவீடுகள் கேட்கிறது. நாருடன் பழம் உதிர்த்த காலிக் குலையையும் சேர்த்து எரிக்கத் தொடங்கினால் தூசியின் தன்மையே மாறிவிடும். பழைய அளவுகோலைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்.

தூசி வரம்பு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். 1000 வரை அளக்கும் கருவி வாங்கலாமா? (பந்திங்)

வேண்டாம். 300, 400 வரை போதும்.

எங்கள் திரையில் தூசி 80 மில்லிகிராம், புகையில் ஆக்ஸிஜன் 14 விழுக்காடு. ஆய்வகம் தந்த அறிக்கையில் 170. யார் பொய் சொல்கிறார்கள்? (குளுவாங்)

யாரும் இல்லை. உங்கள் புகையில் ஆக்ஸிஜன் 14 விழுக்காடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அனுமதிப் பத்திரத்தில் தூசி அளவை ஆக்ஸிஜன் 6 விழுக்காடு என்ற நிலைக்குத் திருத்தச் சொல்லியிருந்தால், 21-லிருந்து 6-ஐக் கழித்து, அதை 21-லிருந்து 14-ஐக் கழித்ததால் வகுக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மடங்கு. 80 என்பது 170 ஆகிவிடுகிறது. ஆய்வகம் திருத்தியது, நீங்கள் திருத்தவில்லை. 14 என்பதே அதிகம். உறிஞ்சு விசிறிக்கு முன்னால் எங்கோ காற்று புகுகிறது. புகையைச் சுழற்றித் தூசி பிரிக்கும் மல்டிசைக்ளோனின் அடியில் சாம்பல் விழும் வால்வை முதலில் பாருங்கள்.

புகைக்குழாய் வளைவுக்கு ஒரு மீட்டர் மேலே துளை போட்டாகிவிட்டது. அங்கேயே தூசிக் கருவியைப் பொருத்தலாமா? (நிபோங் திபால்)

துளையை அடைத்துவிடுங்கள். வளைவை விட்டு வந்த புகை சுழன்றுகொண்டே போகும், தூசி ஒரு பக்கமாக ஒதுங்கும். மாதிரி எடுக்க, வளைவிலிருந்து புகைபோக்கியின் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு உயரம் விடுவது நல்ல வழக்கம். 1.2 மீட்டர் விட்டத்துக்குப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நிற்க மேடையும் கைப்பிடியும் வேண்டும். வெல்டர் கைக்கு எட்டிய இடம் கருவிக்குரிய இடம் ஆகாது. துளை போடுமுன் கேட்டிருக்கலாம்.

ஃபர்னஸ் ஆயில் பாயிலர். மழை பெய்தால் கந்தக டை ஆக்ஸைடு குறைகிறது. ஏன்? (பந்திங்)

மாதிரிக் குழாயில் எங்கோ சூடு இல்லை. நீர் படிகிறது, வாயு அதில் கரைந்துவிடுகிறது. 180 டிகிரி என்று கருவிப் பெட்டி காட்டினாலும் நம்பாதீர்கள். குழாய் பெட்டிக்குள் நுழையும் கடைசி அரை மீட்டர் சூடேற்றும் உறையில்லாமல் இருக்கும். ஏறிப் பாருங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தம் அவசியமா, எங்கள் பாயிலர்மேனே பார்த்துக்கொள்ளலாமா? (சுங்கை சிப்புட், வேறொருவர்)

கருவி சுழியத்தையும் மேல் அளவையும் சரியாகக் காட்டுகிறதா என்று தினமும் பார்ப்பதை அவரே செய்யலாம், பயிற்சி கொடுத்தால். மற்றதற்கு ஒப்பந்தம் வேண்டும். கருவியைச் சரிபார்க்கும் அளவுத்திருத்த வாயு உருளையின் காலாவதித் தேதியையும், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள்.