சின்ன எலெக்ட்ரிக் வண்டியின் ஸ்பீடு லாக்கை எடுக்கலாமா?

தம்பி, வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஈஜிபுராவில் ரூம், சாப்பாடு டெலிவரி வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். லைசென்ஸ் இல்லாததால் லைசென்ஸ் கேட்காத சின்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிட்டீர்கள். அது 25-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. வண்டி கொடுத்தவரே ‘லாக் எடுத்துத் தர்றேன்’ என்கிறார், எடுக்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். போலீஸ் பயத்தில் மட்டும் சொல்லவில்லை.

உங்கள் வண்டிக்கு நம்பர் பிளேட் இல்லை, ஆர்.சி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, லைசென்ஸும் வேண்டாம். இத்தனை சலுகை எதற்கு? மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. ஏறக்குறைய சைக்கிள் மாதிரிதான். லாக்கை எடுத்த நிமிடமே அந்தக் கணக்கு போய்விடும். பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் சைக்கிளை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிற ஆள் ஆகிவிடுவீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், பதிவு இல்லாவிட்டால் முதல் தடவை 5,000 வரை, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000. தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றியதற்கு உரிமையாளர் மேல் தனிப் பிரிவே இருக்கிறது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000, அல்லது ஆறு மாதம் வரை சிறை. ரோட்டில் நிறுத்தி வாங்குகிற தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் சட்டம் உங்களைத்தான் கேட்கும், ஒயரைப் பிடுங்கின கடைக்காரரை அந்த இடத்தில் யாரும் தேடப் போவதில்லை.

அபராதத்தைக்கூட விடுங்கள், கட்டிவிட்டு வந்துவிடலாம். கோரமங்களா சந்து ஒன்றில் ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டீர்கள் என்று வையுங்கள். இன்சூரன்ஸ் உள்ள வண்டி என்றால் விபத்து இழப்பீட்டைக் கம்பெனி கட்டும். உங்கள் விஷயத்தில் தீர்ப்பாயம் சொல்கிற தொகை முழுக்க உங்கள் தலையில். லட்சங்களில் வரும், ஊரில் இருக்கிற நிலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

லாக் எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, அதுதான் ஆபத்தே. இந்த வகை வண்டிகள் பலவற்றில் சீட்டுக்கு அடியில் அலுமினியப் பெட்டி ஒன்று இருக்கும், அதுதான் கன்ட்ரோலர். அதிலிருந்து வருகிற தடித்த ஒயர்களுக்கு நடுவில் மெல்லிசாக ஒரு ஜோடி ஒயர். அந்த ஒரு இணைப்பைத் தொட்டால் போதும், வேகம் மாறிவிடும். ஆனால் பிரேக் மாறாது, டயர் மாறாது, ஃப்ரேம் மாறாது. 25-ல் ஓடுகிற வண்டி 45-ல் ஓடினால், அதே பிரேக்கில் நிற்கத் தேவையான தூரம் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால் வருகிற கணக்கு இது. பின்னால் டெலிவரி பெட்டி, மழை, ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் அதற்கு மேல். பேட்டரியும் சீக்கிரம் தீரும். 48 வோல்ட்டை 60 ஆக்கித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், அதில் கன்ட்ரோலர் கருகுகிற வாய்ப்பும் சேர்ந்தே வரும்.

அப்புறம், வாஷரைக் கழற்றி வேகம் கூட்டுகிற வீடியோக்களைப் பார்த்ததாகச் சொன்னீர்களே, அது ஐரோப்பாக் கதை. அங்கே 50 சிசி வண்டிகளை 45 கிலோமீட்டருக்குள் நிறுத்தி விற்பார்கள். அதற்காக வேரியேட்டரில் (கியருக்குப் பதிலாக இருக்கிற பாகம்) ஒரு வளையம், சைலன்சரில் ஒரு அடைப்பு என்று வைப்பதுண்டு. நம் ஊர் 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டரில் கழற்றுவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதன் வேகம் அதன் எஞ்சினின் வேகம்தான்.

சரி, இந்த ஊரில் 45 எதற்கு? போக்குவரத்தை அளக்கிற டாம்டாம் நிறுவனத்தின் 2023 கணக்குப்படி பெங்களூர் நகர மையத்தில் பத்து கிலோமீட்டர் போக சராசரியாக 28 நிமிடம் ஆனது. அதாவது காரே மணிக்கு 21 கிலோமீட்டர்தான் போனது! உங்கள் ஈஜிபுராவிலேயே 2017-ல் தொடங்கி இழுத்துக்கொண்டே போன மேம்பால வேலையைச் சுற்றி வண்டிகள் பட்ட பாடு ஊரறிந்தது. இரவு பதினொரு மணிக்கு ரோடு காலியாக இருக்கும்போது 25 கடுப்பாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களும் அந்த நேரத்தில்தான் வருவார்கள்.

வேகம் நிஜமாகவே வேண்டுமென்றால் லைசென்ஸ் எடுங்கள். உங்கள் ஆதாரில் தமிழ்நாட்டு விலாசம்தானே? இங்கே வாடகை ஒப்பந்தம், விலாசச் சான்று என்று அலைய வேண்டாம். ஊருக்குப் போகிறபோது அங்கேயே எல்.எல்.ஆர். போடுங்கள். ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். அந்த லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும், கர்நாடகாவுக்கென்று தனியாக எடுக்கத் தேவையில்லை. ‘கியர் இல்லாத வண்டி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், நாளைக்குப் பைக் ஓட்ட மறுபடி அலைய வேண்டும். கியர் உள்ளதற்கே எடுங்கள்.

லைசென்ஸ் வந்ததும் பதிவாகிற எலெக்ட்ரிக் வண்டி எடுக்கலாம், பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து இருக்குமே, அது. இல்லையென்றால் அண்ணன் வண்டி ஊரில் சும்மா நிற்கிறது என்றீர்களே, இன்சூரன்ஸ், புகைச் சான்று சரிபார்த்து அதையே கொண்டு வாருங்கள். டி.என். நம்பரை இங்கே பன்னிரண்டு மாதம் வரை அப்படியே ஓட்டலாம். அதற்கு மேல் இங்கேயே வைத்திருப்பதாக இருந்தால் ஊர் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கர்நாடகா வரி கட்டி, கே.ஏ. நம்பருக்கு மாற்ற வேண்டும். பழைய வண்டி என்றால் வரி குறையும், ஆனாலும் அண்ணன் பேரில் இருப்பதால் கையெழுத்துக்கு அவரும் வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.