பவுண்டுக்கு ஒரு சென்ட்: போரை எதிர்த்தவர்களும் அமெரிக்க அரசும் (கேள்வி பதில்)

இந்த வாரத் தலைப்பு, முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் போரை எதிர்த்துப் பேசியவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் என்ன நடந்தது என்பது. சட்ட வரலாறு பாடம் எடுத்தே தலை நரைத்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. வழக்கமான எச்சரிக்கை: மேற்கோள் காட்டுவதென்றால் முழு வாக்கியத்தையும் படித்துவிட்டுக் காட்டுங்கள். இதை இன்று எத்தனை முறை சொல்லப்போகிறேனோ!

கே (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி): பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றவே கூடாது என்று அந்நாட்டு அரசமைப்பின் முதல் திருத்தம் சொல்கிறது. 1791 முதல் அது இருக்கிறது. அப்புறம் எப்படி சார் ஆட்களை உள்ளே தள்ள முடிந்தது?

ப: சட்டத்துக்கு வைத்த பெயரிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது அம்மா. 'உளவுச் சட்டம்' என்றால் யார் எதிர்ப்பார்கள்? 1917 ஏப்ரலில் போரில் இறங்கினார்கள், ஜூன் 15 அன்று சட்டம் வந்துவிட்டது. படையினரிடையே கீழ்ப்படியாமையை உண்டாக்கினாலோ ஆள்சேர்ப்பைத் தடுத்தாலோ 20 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். அடுத்த மே மாதம் ஒரு திருத்தம் கொண்டுவந்து அரசமைப்பு, கொடி, ராணுவச் சீருடை ஆகியவற்றை இழிவாகப் பேசுவதையும் குற்றமாக்கினார்கள்.

சுமார் 2,000 பேர் மேல் வழக்கு. பெரும்பாலோர் உளவாளிகள் இல்லை. பேசினவர்கள், எழுதினவர்கள், நோட்டீஸ் கொடுத்தவர்கள். 'இந்தப் பேச்சால் கெடுதல் வரக்கூடும்' என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் போதும், கெடுதல் வந்திருக்க வேண்டியதில்லை. மாநிலங்கள் தனியாகவும் சட்டம் போட்டன. மொன்டானாவில் ஒயின் விற்கும் ஒரு பிரதிநிதி, போர்க்கால உணவுக் கட்டுப்பாட்டைப் 'பெரிய ஜோக்' என்று சொன்னார். 7 முதல் 20 ஆண்டு வரை தண்டனை. அந்த மாநிலச் சட்டத்தில் தண்டனை பெற்ற 78 பேருக்கு ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2006இல். வாங்கிக்கொள்ள ஒருவரும் உயிரோடு இல்லை.

கே (சிற்றிதழ் நடத்துபவர், நாகர்கோவில்): அச்சகத்துக்கு சீல் வைத்தார்களா? தணிக்கை அதிகாரி உட்கார்ந்து சிவப்புக் கோடு போட்டாரா?

ப: நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். சந்தாப் பிரதிக்குத் தபால்தலை ஒட்டிப் பழகிய கை அல்லவா!

பத்திரிகைகளை நேரடியாகத் தணிக்கை செய்யும் அதிகாரத்தை அதிபர் வில்சன் கேட்டார். காங்கிரஸ் கொடுக்கவில்லை. நாளிதழ் முதலாளிகள் கத்தித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் அதே சட்டத்தில், சட்டத்தை மீறும் எழுத்தைத் தபாலில் ஏற்க வேண்டாம் என்ற பகுதி யார் கண்ணையும் உறுத்தாமல் தங்கிவிட்டது. அதைக் கையில் எடுத்தவர் தபால்துறை அமைச்சர் ஆல்பர்ட் பர்ல்சன்.

அந்தக் காலத்தில் பத்திரிகைகளுக்கு 'இரண்டாம் வகுப்பு' என்று ஒரு சலுகைக் கட்டணம், ஒரு பவுண்டு எடைக்கு 1 சென்ட். அது போய்விட்டால் செலவு பல மடங்கு ஏறும், சந்தாதாரரை நம்பி வாழும் இதழ் படுத்துவிடும். நியூயார்க்கின் 'தி மாஸஸ்' இதழின் 1917 ஆகஸ்ட் பிரதியைத் தபாலில் ஏற்க மறுத்தார்கள். இதழ் நீதிமன்றம் போனது. நீதிபதி லெர்னட் ஹேண்ட், சட்டத்தை மீறும்படி நேரடியாகத் தூண்டாத எழுத்தைத் தடுக்க முடியாது என்று இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உடனே நிறுத்திவைத்தது.

இனி வருவதைக் கவனியுங்கள். செப்டம்பர் இதழைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போகிறார்கள். 'ஆகஸ்ட் இதழ் தபாலில் போகவில்லையே, ஆக நீங்கள் ஒழுங்காக வெளிவரும் பத்திரிகை இல்லை, சலுகை கிடையாது' என்று பதில் வருகிறது. ஆகஸ்ட் இதழைத் தடுத்ததே அவர்கள்தான்! அந்த ஆண்டு முடிவதற்குள் இதழ் மூடியாயிற்று. ஆசிரியர்கள் மேல் போட்ட வழக்கில் இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரிகள் ஒருமித்துத் தண்டிக்கவில்லை. அதனால் என்ன பயன்? இதழ்தான் இல்லையே.

ஆங்கிலமல்லாத பத்திரிகைகளுக்கு வேறொரு தொல்லை. அரசைப் பற்றியோ போரைப் பற்றியோ எழுதினால் அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பை உள்ளூர்த் தபால் அதிகாரியிடம் கொடுத்த பிறகே தபாலில் சேர்க்கலாம். 1917 அக்டோபரில் வந்த விதி. இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் இதழில் இரவெல்லாம் உட்கார்ந்து தன் தலையங்கத்தைத் தானே மொழிபெயர்ப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போரைப் பற்றியே எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றும்.

கே (தஞ்சாவூர்): நான் போட்ட ஒரு பதிவுக்காகக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். போகலாமா?

ப: வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வி இல்லை இது. இன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவச எண் 15100.

கே (வேலூர்): இதெல்லாம் இன்றைய இந்தியாவுக்கும் பொருந்துமா?

ப: தலைப்பு 1917.

கே (பள்ளி ஆசிரியை, விருதுநகர்): வாயை மூடியது சரி, அரசு தன் பக்கத்தை மக்களிடம் எப்படிக் கொண்டுபோனது? வானொலி இல்லாத காலம் அல்லவா?

ப: சினிமாக் கொட்டகை இருந்ததே! ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகையாளர் தலைமையில் பொதுத் தகவல் குழு என்று ஒன்றை வில்சன் அமைத்தார். ரீல் மாற்றும் நேரத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து நின்று போருக்கு ஆதரவாக நான்கு நிமிடம் பேசுவார். பேரே 'நான்கு நிமிட மனிதர்கள்'. நாடு முழுக்க சுமார் 75,000 பேர், எல்லோரும் தொண்டர்கள். வாஷிங்டனிலிருந்து குறிப்பு வரும். பேசுவதோ ஊர் வக்கீல் அல்லது வங்கிக்காரர், தெரிந்த முகம். கிரீல் தன்னைத் தணிக்கையாளர் என்று யாரும் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்கு அந்த வேலை தேவைப்படவில்லை, பக்கத்தில் பர்ல்சன் இருந்தார்.

கே (கோயம்புத்தூர்): ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். கூட்டம் நிறைந்த தியேட்டரில் 'நெருப்பு' என்று கத்த எவனுக்கும் உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ப: வந்துவிட்டது! முழு வாக்கியத்தைப் படித்தீர்களா? 'பொய்யாக' என்ற சொல் அதில் இருக்கிறது. 'கூட்டம் நிறைந்த' என்பது இல்லை. தியேட்டரில் பொய்யாக நெருப்பு என்று கத்திப் பீதியைக் கிளப்புகிறவனைப் பேச்சுரிமை காப்பாற்றாது என்றுதான் நீதிபதி ஹோம்ஸ் எழுதினார், 1919 மார்ச் 3, ஷெங்க் வழக்கில்.

யார் கத்தினார், என்ன கத்தினார் என்பதையும் பார்ப்போம். சார்லஸ் ஷெங்க், பிலடெல்பியாவில் சோஷலிஸ்ட் கட்சிச் செயலாளர். சுமார் 15,000 துண்டறிக்கை அச்சிட்டார், கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பத்தான். ஒரு பக்கத்தின் தலைப்பு 'அரசமைப்புச் சட்டம் நீடூழி வாழ்க', மறுபக்கம் 'உங்கள் உரிமையை நிலைநாட்டுங்கள்'. கட்டாயப் படைச்சேர்ப்பு அடிமைமுறைக்குச் சமம், அந்தச் சட்டத்தை நீக்கக் கோரும் மனுவில் வந்து கையெழுத்திடுங்கள் என்று அழைப்பு. இதுதான் தியேட்டர், இதுதான் நெருப்பு. ஷெங்குக்கு ஆறு மாதம் சிறை.

கே (அதே கோவை அன்பர்): ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிய தாய் அந்த நோட்டீஸைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு அது.

ப: ஒருமனதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஹோம்ஸும் அறைக்குள் உட்கார்ந்து போரைப் பற்றிப் பேசியவர் இல்லை; உள்நாட்டுப் போரில் மூன்று முறை காயம்பட்டவர். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் என்ன செய்தார்? ரஷ்யாவுக்குப் படை அனுப்பியதைக் கண்டித்து ஆங்கிலத்திலும் யூதர்கள் பேசும் யித்திஷ் மொழியிலும் நோட்டீஸ் வீசிய நியூயார்க் இளைஞர்கள் வழக்கு. அவர்களில் பலருக்கு 20 ஆண்டு. 7க்கு 2 என்று தண்டனை உறுதியானது. மாறுபட்ட இருவரில் ஒருவர் ஹோம்ஸ். இடையில் நண்பர்கள் அவரோடு விடாமல் வாதாடினார்கள், முந்தைய ஆண்டே ரயிலில் தற்செயலாகச் சந்தித்து வாதத்தைத் தொடங்கியிருந்த லெர்னட் ஹேண்ட் உட்பட. நீங்கள் கையில் வைத்திருக்கிற வாக்கியத்தை எழுதியவரே எட்டு மாதத்தில் வேறு பக்கம் போய்விட்டார்.

தாயின் துயரம் பெரிது. ஆனால் மனுவில் கையெழுத்துக் கேட்பதைக் குற்றமாக்க அது போதுமா?

கே (அம்பத்தூர்): கோவைக்காரருக்கு ஒரு கேள்வி: தியேட்டரில் நிஜமாகவே தீப்பிடித்திருந்தால்?

ப: அருமை. 'பொய்யாக' என்ற சொல்லை விட்டுவிட்டால் எவ்வளவு போகிறது என்று புரிகிறதா?

கே (கோவை அன்பர்): அப்படியென்றால் எல்லையே வேண்டாம் என்கிறீர்களா?

ப: எங்கே சொன்னேன்? எல்லை இருக்கிறது. 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் கோடு போட்டது: உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடப்பதற்கான சாத்தியமும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம். அந்த வழக்கில் தப்பியவர் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவர் ஒருவர். எனக்குப் பிடித்த ஆள் இல்லை, கோடு பிடிக்கும்.

கே (சேலம்): இன்றைய நிலைமையோடு ஒப்பிட்டு...

ப: வேலூருக்குச் சொன்னதுதான்.

கே (தொழிற்சங்க ஊழியர், ஆவடி): தோழர், டெப்ஸ் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லையே?

ப: வரும் தோழர், கோவை விட்டால்தானே. யூஜின் டெப்ஸ், ரயில்வே தொழிலாளர் தலைவர். 1918 ஜூன் 16, ஒஹையோவின் கான்டன் நகரப் பூங்காவில் பேசினார். அரசு ஆள் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பது அவருக்கே தெரியும். பத்தாண்டு சிறை. ஷெங்க் தீர்ப்பு வந்து ஒரே வாரத்தில் இவருடைய தண்டனையையும் உறுதி செய்தார்கள், எழுதியவர் அதே ஹோம்ஸ். 1920இல் அட்லாண்டா சிறைக்குள் இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்றார். கைதி எண் 9653 என்று பிரசார பேட்ஜ். 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு! அடுத்த அதிபர் ஹார்டிங் 1921 கிறிஸ்துமஸுக்கு விடுவித்து, வெள்ளை மாளிகைக்கு வரச்சொல்லிக் கைகுலுக்கினார். வில்சன் கடைசிவரை மனம் இரங்கவில்லை.

கே (மயிலாப்பூர்): நம் ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ப: உங்கள் பேட்டைப் பக்கமே உண்டு. 1917 ஜூனில் சென்னை அரசாங்கம், இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டு இயக்கம் நடத்திய தியாசபிகல் சங்கத் தலைவர் அன்னி பெசன்டைக் காவலில் வைத்து ஊட்டிக்கு அனுப்பியது. அவருடைய 'நியூ இந்தியா' நாளிதழ் கட்டிய ஜாமீன் தொகை 1910 பத்திரிகைச் சட்டப்படி ஏற்கெனவே பறிபோயிருந்தது. இதைப் பொறுக்காமல், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் (ஊரில் மணி ஐயர்) இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதினார். யாருக்கு? ஜனநாயகத்துக்காகப் போர் செய்கிறேன் என்று உலகுக்குச் சொன்ன அதிபர் வில்சனுக்கு. தேதி ஜூன் 24. உளவுச் சட்டத்தில் வில்சன் போட்ட கையெழுத்துக்கு வயது ஒன்பது நாள்.

கடிதத்தை அவர் தபாலில் போடவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிய தியாசபிகல் சங்கத் தம்பதி கையில் கொடுத்தனுப்பினார். அடுத்த ஆண்டு விஷயம் லண்டனில் வெடித்துக் கண்டனம் வந்தபோது, எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கே (கோவை அன்பர்): கடைசியாக ஒன்று. தியேட்டர் உதாரணத்தில்...

ப: ஷெங்கின் துண்டறிக்கை இரண்டே பக்கம். படித்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள்.