மதியமே இருட்டும் ஊரில் மாலை விளக்கு எப்போது?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஃபின்லாந்தின் ரோவானியெமி நகருக்கு ஐந்து இரவுகள் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகள், ஆறு வயது மகன், 67 வயது அத்தை. வானத்தில் தெரியும் வடதுருவ ஒளியைப் பார்ப்பது கணவரின் நெடுநாள் ஆசை. பிள்ளைகளுக்குப் பனி போதும். காலை ஏழு மணி தொடங்கி இரவுவரை அவர் அட்டவணையே போட்டுவிட்டார். அங்கே பகல் இரண்டு மணி நேரம்தான் என்று தோழி சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இவ்வளவு பணம் கொட்டி இருட்டைப் பார்க்கவா போகிறோம்? அத்தை சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். அவர் கவலை வேறு: "மதியமே பொழுது சாய்ந்தால் விளக்கை எப்போதும்மா ஏற்றுவது?" எங்களுக்குத் தெரிந்த குளிர் கேமரன் மலைக் குளிர் மட்டுமே.
வாசகி, புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு, மலேசியா

பதில்: அன்புச் சகோதரி, தோழி சொன்னது பொய்யில்லை. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் ரோவானியெமியில் சூரியன் காலை 11 மணிவாக்கில் தலைகாட்டி, மதியம் 1.30 ஆவதற்குள் போய்விடும். ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் சூரியன் நெட்டுக்குத்தாக இறங்குகிறது. மறைந்த அரை மணிக்குள் இருட்டிவிடும். அங்கே அது அடிவானத்தை உரசியபடி சாய்வாகப் போவதால், எழுவதற்கு முன்னும் மறைந்த பின்னும் ஒன்றரை மணி நேரம் அந்தி வெளிச்சம் நிற்கும். தரையெல்லாம் பனி என்பதால் அந்த வெளிச்சமும் இரட்டிப்பாகத் தெரியும். ஆக, காலை பத்து மணிக்குச் சற்று முன்பிருந்து மதியம் மூன்றுவரை, ஐந்து மணி நேரம் கண் தெரியும். ஊரே நீலமாக இருக்கும் நேரம் அது. எனக்குப் பிடித்தது அந்த நீலம்தான், உச்சிவெயில் அல்ல.

பிரச்சினை இருட்டு இல்லை, உங்கள் கணவரின் அட்டவணை. அது பினாங்கில் உட்கார்ந்து பினாங்குப் பகலுக்குப் போட்ட அட்டவணை. ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல் கிடைப்பதால், பகல் தீர்ந்துபோகும் ஒரு பொருள் என்பதே நமக்கு உறைப்பதில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒரு டிசம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போயிருந்தேன். பசியாறிவிட்டு, கடைகளைச் சுற்றிவிட்டு, மதியச் சாப்பாடும் முடித்து, ஆர்தர்ஸ் சீட் குன்றில் ஏறலாம் என்று இரண்டரை மணிக்குக் கிளம்பினேன். 251 மீட்டர்தானே, நம் கொடிமலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே என்ற நினைப்பு. அங்கே 3.40க்குப் பொழுது சாய்ந்துவிடும் என்பதை நான் பார்த்து வைக்கவில்லை. இறங்கும்போது கைப்பேசி விளக்கை நம்பினேன். குளிரில் பேட்டரி செத்தது. பின்னால் வந்த ஒரு தம்பதியின் டார்ச் வெளிச்சத்தில்தான் கீழே வந்து சேர்ந்தேன். (நீங்கள் கைப்பேசியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.)

அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெளிவேலை, அதுவும் பத்து மணிக்கு மேல். பனியில் நாய்கள் இழுக்கும் நாய் வண்டி ஒரு நாள், கலைமான் பண்ணை ஒரு நாள், ஆர்க்டிக் வட்டக் கோட்டின் மேலேயே இருக்கும் சாண்டா கிளாஸ் கிராமம் ஒரு நாள். இருட்டிய பிறகு ஆர்க்டிகும் அருங்காட்சியகம், சவுனா என்ற சூட்டு அறைக் குளியல், நீச்சல் குளம், இல்லையென்றால் பிள்ளைகள் விளக்கடியில் பனியில் சறுக்கிக்கொண்டிருக்கட்டும். அதற்குச் சூரியன் தேவையில்லை.

வடதுருவ ஒளி விஷயத்தில் ஒரு கணக்கு போடுவோம். ஃபின்லாந்து நம்மைவிட ஆறு மணி நேரம் பின்னால். அங்கே மாலை நான்கு என்றால் உங்கள் உடம்புக்கு இரவு பத்து. ஒளியைத் தேடிப் போகும் இரவு பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை, உடம்புக்கு விடியற்காலை நான்கு முதல் ஆறு. போன அன்றே அந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினால், ஆறு வயதுப் பையன் வண்டியிலேயே தூங்கிவிடுவான். அவனைத் தூக்கிக்கொண்டு பனியில் நிற்கப்போவது நீங்கள். முதல் இரண்டு இரவுகளை விட்டுவிடுங்கள். எப்படியும் அதிகாலை மூன்று மணிக்கு எல்லாருக்கும் விழிப்பு வரும். அப்போது ஜன்னலைத் திறந்து பாருங்கள், செலவில்லை. மூன்றாம் இரவுக்கு மேல் வானிலை அறிக்கையில் மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். மேகம் மூடினால் எவ்வளவு பெரிய ஒளியும் தெரியாது, ஐந்து இரவும் மூடியே இருப்பதும் உண்டு. கணவரிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். படங்களில் பார்க்கிற பச்சை கேமரா பிடிக்கிற பச்சை, வெறும் கண்ணுக்குப் பல நேரம் வெளிறிய மேகம் போலத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்து.

அத்தை வரட்டும். போன தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயில் படிகளை ஏறியவர் என்றும் எழுதியிருந்தீர்கள், அப்புறம் என்ன? ஆனால் புறப்படும் முன் மருத்துவரைப் பார்த்து, நேர வித்தியாசத்துக்கு ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்குங்கள். இன்சுலின் உறையக் கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால், இளகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எனவே சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம். கைப்பையில், மருந்துச் சீட்டோடு இருக்கட்டும். வெளியே போகும்போது உடம்பை ஒட்டிய உள்பைக்கு மாற்றுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது, அறைக்குள் வந்து பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம், விறைப்பது தெரியாது. தினமும் இரவு நீங்களே அவர் பாதத்தைப் பார்த்துவிடுங்கள். குளிரைவிட நான் பயப்படுவது வழுக்கலுக்கு. காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை அங்கே கடைகளில் கிடைக்கும், போன முதல் நாளே வாங்குங்கள்.

விளக்கு. இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கணக்குப் பார்த்தபோது அசந்துவிட்டேன். புக்கிட் மெர்தாஜாமில் டிசம்பரில் ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு சூரியன் மறைகிறது. அப்போது ரோவானியெமியில் மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும், அங்கேயும் சூரியன் மறைகிற நேரம் கிட்டத்தட்ட அதுவேதான்! அத்தை தன் கடிகாரத்தை மலேசிய நேரத்திலேயே விட்டுவிடலாம். வீட்டில் விளக்கேற்றும் அதே நேரத்தில் அங்கேயும் ஏற்றலாம். அறையில் மட்டும் தீ வேண்டாம், புகை உணர்வி அலறினால் விடுதியே வெளியே வந்து நிற்கும். பேட்டரி விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். அவர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தால், அது பெட்டியில் கல்லாக உறைந்திருக்கும் என்றும் சொல்லிவையுங்கள்.

உடுப்புக்கு ரொம்பச் செலவழிக்காதீர்கள். நாய் வண்டி, பனி வண்டிச் சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் முழு உடுப்பையும் காலணியையும் அவர்களே தருவார்கள். கேட்டுவிட்டுப் பேரங்காடிக்குப் போங்கள். உள்ளே பருத்தி மட்டும் கூடாது. வியர்வையைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். ஜீன்ஸும் பருத்திதான். சிறுவனுக்கு விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாகப் போகும் உறையே கதகதப்பு. அங்கே மைனஸ் 10 சாதாரணம், மைனஸ் 30ம் வரும்.

வாடகைக் கார் வேண்டாம். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், இருட்டு, பனி, குறுக்கே கலைமான். இதில் ஒன்று என்றால் உங்கள் கணவர் சமாளிப்பார்.

டிசம்பர் 24 மதியத்துக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாக மூடும், 25 அன்று ஊரே அடங்கிவிடும். அந்த நாட்களில் அங்கிருந்தால் சாப்பாட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், சமையலறை உள்ள தங்குமிடமாகவும் பாருங்கள். அரிசியும் பருப்பும் இருந்தால் அத்தை பார்த்துக்கொள்வார்.

டிக்கெட் இன்னும் வாங்கவில்லை என்றால் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குப் பனி மட்டும் போதும் என்பதுதான் வீட்டின் பெரும்பான்மை என்றால், ஜப்பானின் சப்போரோ இருக்கிறது. நேர வித்தியாசம் ஒரே ஒரு மணி, டிசம்பரிலும் ஒன்பது மணி நேரப் பகல், பனிக்குக் குறைவில்லை. வடதுருவ ஒளிக்கு மட்டும் அங்கே வழியில்லை. இதைக் கணவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும், நான் வரமாட்டேன்.