கருநீலக் கரை

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 70 வயது. ஊர் சேலம், அம்மாப்பேட்டை. போன வருஷம் என் பீமரத சாந்திக்காக எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு நெசவாளரிடம் வெண்பட்டு வேட்டி நெய்யச் சொன்னேன். கருநீலக் கரை கேட்டிருந்தேன். கைக்கு வந்த வேட்டியில் கரை கறுப்பாக இருந்தது. "சுப காரியத்துக்கு எவனாவது கறுப்புக் கரை போடுவானா?" என்று அவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன். "நீலந்தாங்க" என்றார். என் மனைவியும் நீலம் என்றாள். நான் கேட்கவில்லை. பேசிய தொகையில் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் கரையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேட்டியை நான் கட்டவே இல்லை.

போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு நாள் பீரோவைத் திறந்தால் வேட்டி இருக்கிறது, கரை நீலமாக இருக்கிறது! வலது கண்ணை மூடினால் கறுப்பு, திறந்தால் நீலம். வேட்டியின் வெள்ளைகூட இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதம். இன்னொன்று, நாலு ரோட்டில் நின்றால் குறுக்கே போகிற பஸ் என் பக்கமாக வளைந்து வருவது போலிருக்கிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். நான் எந்தக் கண்ணை நம்புவது?

— அம்மாப்பேட்டை வாசகர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று வாசலில் நின்றபோது நீங்கள் கறுப்பைத்தான் பார்த்தீர்கள். நெசவாளர் நீலத்தைத்தான் நெய்திருந்தார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னீர்கள். அந்த 500 ரூபாய்க்குப் பிறகு வருகிறேன்.

சின்ன வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற மஞ்சளாகும். புரை முற்றினால் டீ டிகாக்ஷன் நிறத்துக்கே போய்விடுவதும் உண்டு. மஞ்சள் லென்ஸ் மற்ற நிறங்களை ஓரளவு விட்டாலும் நீல ஒளியைத் தடுத்துவிடும். கருநீலத் துணியிலிருந்து கண்ணுக்கு வருவதே கொஞ்சம் ஒளிதான். அந்தக் கொஞ்சமும் உள்ளே போகாவிட்டால் மிஞ்சுவது கறுப்பு.

இது ஒரே நாளில் நடந்திருந்தால் மறுநாளே டாக்டரிடம் ஓடியிருப்பீர்கள். வருஷக்கணக்கில் துளித்துளியாக நடந்தது. மூளையும் கூடவே தன் கணக்கைத் திருத்திக்கொண்டு வந்தது. லென்ஸ் மஞ்சளாக ஆக, 'இதுதான் வெள்ளை' என்று புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளும். அதனால்தான் இலையில் விழுந்த சோறு உங்களுக்கு மஞ்சளாகத் தெரியவில்லை. ஆனால் உள்ளே வராத நீலத்தை மூளை எங்கிருந்து கொண்டுவரும்? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கண் கிடைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே இதே நிலைமையில் இருந்தவர். 1923இல் வலது கண்ணில் மட்டும் புரை எடுத்துக்கொண்டார். அந்தக் கண்ணுக்கு உலகம் நீலம் பூத்துத் தெரிந்தது, இடது கண்ணுக்கு மஞ்சளும் சிவப்புமாகத் தெரிந்தது. நிறத்தையே தொழிலாகக் கொண்ட மனிதர், 80 வயதைத் தாண்டியவர், எவ்வளவு தவித்திருப்பார்! அந்தக் காலத்தில் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் கிடையாது. நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இடது கண்ணுக்குக் கடைசிவரை செய்துகொள்ளவில்லை.

சரி, எந்தக் கண்ணை நம்புவது? கரை விஷயத்தில் வலது கண்ணை நம்புங்கள். நெசவாளரும் உங்கள் வீட்டம்மாவும் பார்த்ததை இப்போது அதுதான் பார்க்கிறது. ஆனால் அதுவும் இன்னும் நிலைக்கு வரவில்லை. வெள்ளை இப்போது கொஞ்சம் நீலமோடித் தெரியும். சில மாதங்களில் மூளை மறுபடி கணக்கைத் திருத்திக்கொள்ளும், அப்புறம் வெள்ளை வெறும் வெள்ளையாகிவிடும்.

பஸ் சமாச்சாரம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இருட்டடித்த கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி ஒரு நொடியில் மிகச் சிறிய பங்கு தாமதமாகப் போகிறது. ஓடுகிற பஸ்ஸை இடது கண் சற்று முன்னால் இருந்த இடத்தில் பார்க்கிறது, வலது கண் இப்போது இருக்கும் இடத்தில் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து மூளை தூரத்தைக் கணக்கிடுகிறபோது தவறிவிடுகிறது. உங்களுக்கு வலமிருந்து இடமாகப் போவது கிட்டத்தில் தெரியும், இடமிருந்து வலமாகப் போவது தள்ளித் தெரியும். 1922இல் இதை விளக்கி எழுதியவர் கார்ல் புல்ஃப்ரிஷ் என்ற ஜெர்மானியர். அவருக்கு ஒரு கண் பார்வை கிடையாது. தானே காண முடியாத ஒரு தோற்றத்தை, கண்டவர்கள் சொன்னதை நம்பி விளக்கி எழுதிவிட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. வீட்டில் செய்து பார்க்கலாம்: நூலில் ஒரு பூண்டைக் கட்டி இடமும் வலமுமாக ஆடவிடுங்கள். நேராக ஆடுவது உங்களுக்கு வட்டமடிப்பது போலத் தெரியும். கண் நன்றாக இருப்பவர்களும் ஒரு கண்ணுக்கு மட்டும் கூலிங் கிளாஸை வைத்துக்கொண்டால் பார்க்கலாம். டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்ட வேண்டாம், சாலையைக் கடக்கும்போது யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவில் சாயமும் தறியுமாகப் பிழைப்பவர்கள் இருப்பதால் இதையும் சொல்கிறேன். பாரிஸில் கோப்லின் என்று பெரிய அரசு நெசவுக்கூடம் ஒன்று உண்டு. 1824இல் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் அதன் சாயப்பிரிவுக்குத் தலைவராக வந்தார். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார். வேறு இடங்களில் சாயமேற்றிய கறுப்பு நூலையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் கறுப்பு வெளிறியது. பக்கத்தில் இருக்கும் நிறம் இந்த நிறத்தை மாற்றுகிறது என்று கண்டுபிடித்து 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். நான் இதில் நினைத்துப் பார்ப்பது அந்தச் சாயப்பட்டறை ஆட்களை. ஷெவ்ரல் வருவதற்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை முறை ஏச்சு வாங்கியிருப்பார்கள்!

நானும் ஒருவன் அடிவாங்கியதைப் பார்த்துச் சிரித்தவன். ஆறாவது படிக்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், மாமரம் வரைந்து இலைக்கெல்லாம் மண்ணிறம் தீட்டினான். வாத்தியார் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "இலை என்ன கலர்டா?" "பச்சை சார்." "அப்ப இது?" "பச்சை சார்." பளாரென்று அறை விழுந்தது. எல்லாரும் சிரித்தோம். நாற்பது வருஷமாகியும் அந்தச் சிரிப்பு எனக்குக் கசக்கிறது.

பிறகு ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வெழுதிப் பாஸானான். கண் பரிசோதனையில் புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்த இஷிஹாரா அட்டையை நீட்டினார்கள். அவனுக்கு வெறும் புள்ளிகள்தான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் கூம்புச் செல்களில் பிறவியிலேயே ஒரு மாறுதல். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். சிக்னலைப் பார்த்து ஓட்டுகிற வேலையில் அவனைச் சேர்க்காதது நியாயம்தான். அந்த அறை எந்த நியாயத்தில் சேரும்?

இப்போது ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறான். இரண்டு வருஷம் முன்பு டிசம்பரில், பழம் பறிக்கிற நேரத்தில், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி அவனைப் பார்க்கப் போனேன். சில்வர் ஓக் நிழலில் செடிகள் பனியில் நனைந்து நின்றன. பத்தடி தள்ளியே எனக்குச் சிவப்புப் பழம் பளிச்சென்று தெரிந்தது. அவனுக்கு அங்கிருந்து பார்த்தால் இலையும் பழமும் ஏறக்குறைய ஒரே நிறம். கிட்டே போய்க் கொத்தை உள்ளங்கையில் ஏந்தினான், ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினான். பழம் மெத்தென்று அமுங்கியது, காய் கல் மாதிரி நின்றது. ஒன்றைப் பிதுக்கிக் காட்டினான். வழவழப்பாகக் கொட்டை வெளியே வந்தது. அவன் பறித்துக் கொடுத்ததில் ஒரு காய்கூட இல்லை. நான் சிவப்பு என்று ஆசையாகப் பறித்ததில் இரண்டுக்கு மறுபக்கம் பச்சையாகவே இருந்தது. "உனக்குக் கண்ணு இருக்கு, அதனால அவசரப்படற" என்றான். பள்ளிக்கூட நாளைப் பற்றி அன்றைக்குத்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது நன்றாக நினைவிருந்தது.

இப்போது உங்கள் 500 ரூபாய். ஒரு வருஷமாக அந்த நெசவாளர் தன் நூலையோ தன் கண்ணையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கலாம். நிறத்தை நம்பிச் சோறு தின்கிறவர். கரையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி எனக்குப் படிக்கவே முடியவில்லை.

அடுத்த மாதம் இடது கண்ணிலும் புரை எடுத்துவிட்டால் அந்தக் கறுப்புக் கரை உங்களுக்கு இனித் தெரியாது. நீங்கள் அன்று எதைப் பார்த்தீர்கள் என்பதற்கு உங்களிடமே அடையாளம் இருக்காது. இப்போது இருக்கிறது. அதனால் இந்த வாரமே, நல்ல பகல் வெளிச்சத்தில், வேட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். அவரை வாசலுக்குக் கூப்பிடுங்கள், அன்றைக்குச் சத்தம் போட்ட அதே வாசலுக்கு. கரையை விரித்துப் பிடித்து, வலது கண்ணை மூடிக்கொண்டு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். பணத்தைக் கையில் கொடுங்கள்.

அன்புடன்