‘வான் பாய் லட் ங்குவா’: படத்துக்குள் இருக்கும் சைகோன் – கேள்வி பதில்

கேள்வி: எட்டுப் பாகங்களையும் பார்த்தே ஆக வேண்டுமா?

பதில்: ஆமாம், வரிசை மாறாமல். 1982 முதல் 1987 வரை லே ஹோவாங் ஹோவா இயக்கிய கறுப்பு வெள்ளை வியட்நாமியத் திரைப்படத் தொடர் இது. கதை நடப்பது அன்றைய தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில். முதல் பாகத்தைத் தவிர்த்தால், கம்யூனிஸ்ட் உளவாளியான நாயகன் லுவானை அதிபர் அரண்மனைக்குள் ஏன் விட்டார்கள் என்பதே புரியாது.

கேள்வி: லுவான் நிஜ மனிதரா?

பதில்: பாம் நொக் தாவ் என்ற கர்னலை வைத்து எழுதிய பாத்திரம். கத்தோலிக்கக் குடும்பம், தென் வியட்நாம் அதிபர் தியெமின் அண்ணனான ஆயர் துக்குக்குப் பழக்கமான வீடு. தாவ் பொய்ப் பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து வியட்மின் என்ற கம்யூனிஸ்ட் தலைமையிலான விடுதலைப் படையில் இருந்தவர் என்பது ஊருக்கே தெரியும். மனம் மாறி வந்துவிட்டார் என்று நம்பவைத்தார், அவ்வளவுதான். சொல்லும் பொய் ஒன்றே ஒன்று என்றால் மாட்டிக்கொள்ளும் இடமும் குறைவு.

கேள்வி: ஆட்சிக்கவிழ்ப்புக்கு முன்னால் படம் ஏன் இவ்வளவு நேரம் பேச்சிலேயே ஓடுகிறது?

பதில்: உண்மையிலும் அப்படித்தான் நடந்தது. தியெமைக் கவிழ்க்க 1960-ல் நடந்து தோற்ற முயற்சிக்கும் 1963-ல் வென்றதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு பாருங்கள், ஒவ்வொரு காட்சியும் கனக்கும்.

1960 நவம்பர் 11 விடியுமுன் பாராசூட் படை அரண்மனையை வளைத்தது. ஆனால் தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கவில்லை. தலைநகருக்கு வரும் சாலைகளையும் மறிக்கவில்லை. தியெம் சமரசம் பேசலாம் என்றார். வளைத்தவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். அதற்குள் தெற்கே மேகாங் டெல்டாவிலுள்ள மீ தோ நகரின் பக்கத்திலிருந்து தியெமின் விசுவாசப் படைகள் வந்து சேர்ந்துவிட்டன. கதை முடிந்தது.

1963 நவம்பர் 1-ல் தளபதிகள் அந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்தார்கள். மதிய உணவுக் கூட்டம் என்று அதிகாரிகளைத் தலைமையகத்துக்கு வரவழைத்தார்கள். சிறப்புப் படைத் தலைவர் லே குவாங் துங் அங்கேயே பிடிபட்டு, பிறகு கொல்லப்பட்டார். மீ தோவிலிருந்த 7-வது டிவிஷனை முதலிலேயே கைப்பற்றி, ஆற்றைக் கடக்கும் படகுகளை எதிர்க்கரைக்குக் கொண்டுபோனதால் டெல்டாவிலிருந்து உதவி வர வழியில்லை. தியெமின் தம்பி நியூ, தன் எதிரிகளைப் பிடிக்கப் போலிக் கவிழ்ப்பு ஒன்றைத் திட்டமிட்டு, தளபதி தின்னிடம் ஒப்படைத்திருந்தார். தின் ஏற்கெனவே மறுபக்கம் சாய்ந்திருந்தார். அதனால் படைகள் நகர்ந்தபோது, நம் நாடகம்தான் நடக்கிறது என்று அரண்மனை கொஞ்ச நேரம் நிம்மதியாகவே இருந்தது! இந்த முறையும் தியெம் பேச அழைத்தார். யாரும் போகவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் இரவில் சைகோனின் சீனர் பகுதியான சோலோனுக்குத் தப்பி, மறுநாள் காலை ஒரு தேவாலயத்தில் பிடிபட்டு, எம்-113 கவச வண்டிக்குள் கொல்லப்பட்டார்கள்.

கேள்வி: அமெரிக்கர்களின் பங்கு?

பதில்: அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் லூசியன் கோனைன் தளபதிகளுடனேயே இருந்தார். 30 லட்சம் பியாஸ்டர் (தென் வியட்நாம் நாணயம்) ரொக்கமும் கொண்டுபோனார்.

கேள்வி: தாவ் அன்று என்ன செய்தார்? உளவாளிக்குக் கவிழ்ப்பால் என்ன லாபம்?

பதில்: உளவுத்துறையை நடத்திய திரான் கிம் துயேனோடு சேர்ந்து அவர் தனியாகவே ஒரு சதி தீட்டிக்கொண்டிருந்தார். துயேனை நியூ வெளிநாட்டுக்கு அனுப்பிவிட, தாவ் தளபதிகளோடு சேர்ந்தார். கம்யூனிஸ்டுகளுக்கு லாபம் எது என்றால், ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் பிறகு மாகாணத் தலைவர்களும் படைத் தலைவர்களும் மாற்றப்படுவார்கள். அரசின் பழகிய உளவு வலை அறுந்துபோகும். அரசு கிராமத்தை மறந்து தலைநகரையே காவல் காக்கும். காகிதம் திருடுவதைவிட இது பெரிய வேலை. படம் இதைத் தெளிவாகப் பிடித்திருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் வென்ற தரப்பு எடுத்த படம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அவர் முடிவு?

பதில்: 1965 பிப்ரவரி 19-ல் அப்போது அதிகாரத்திலிருந்த தளபதி கானுக்கு எதிராகத் தாவ் நடத்திய இன்னொரு கவிழ்ப்பு முயற்சி. அது தோற்றது. தலைமறைவானார், மரண தண்டனை விதித்தார்கள். ஜூலையில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் யாருக்காக வேலை செய்தார் என்பதைப் போர் முடிந்த பிறகுதான் ஹனோயின் கம்யூனிஸ்ட் அரசு வெளிப்படையாகச் சொன்னது.