இரண்டரை அடித் தொட்டிக்கு எந்தக் குட்டி சிக்லிட்?

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயர மீன் தொட்டி. ஓட ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. உள்ளே பத்து நியான் டெட்ரா, நாலு கோரிடோராஸ் (தரையில் திரியும் சின்னக் கெளுத்தி வகை), கொஞ்சம் கப்பி. போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 650 காட்டுகிறது. கொளத்தூரில் ஒரு கடையில் 'மிக்ஸட் சிக்லிட் ஆறு எடுத்துக்கங்க, கலரா இருக்கும்' என்றார்களாம். நண்பர் ஒருவர் ராம் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் கிரிபென்சிஸ் என்கிறார். சிக்லிட் என்பது ஒரு மீன் குடும்பம், ராமும் கிரிபென்சிஸும் அதில் வளர்ந்தாலும் சின்னதாகவே நிற்கும் குட்டி வகைகள். எதை வாங்குவது, இரண்டு மூன்று வகையைக் கலந்து விடலாமா என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கலக்க வேண்டாம். ஒரு வகை, அதிலும் ஒரு ஜோடி. உங்கள் தண்ணீருக்கு பொலிவியன் ராம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் கிரிபென்சிஸ். எல்லோரும் ஆசைப்படும் ஜெர்மன் ப்ளூ ராம் இப்போதைக்கு வேண்டாம்.

அந்த 'மிக்ஸட் சிக்லிட்' கவரை முதலில் ஒதுக்கிவிடலாம். அதில் பெரும்பாலும் இருப்பது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த பாறை மீன்கள். கடையில் ஒன்றரை அங்குலத்தில் மஞ்சளும் நீலமுமாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் வளர வளர நாலைந்து அங்குலம் போய், தொட்டியின் ஒவ்வொரு மூலையையும் தன்னுடையது என்று நினைக்க ஆரம்பித்துவிடும். முதலில் கப்பியின் வால் போகும், அப்புறம் கப்பியே போகும். வேடிக்கை என்னவென்றால் உங்கள் போர் தண்ணீர் இந்த மீன்களுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஒத்துப்போகாதது கூட இருக்கப்போகிற மற்ற மீன்கள்தான். சில சமயம் அதே கவரில் கான்விக்ட் என்ற இன்னொரு சிக்லிட்டின் குட்டியும் கலந்து வரும், அது இன்னும் முரடு.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். கணக்குப்படி 88 லிட்டர் சொச்சம், மணல், கல் எல்லாம் போக 75 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். குட்டி சிக்லிட்டுகளுக்கு லிட்டரை விடத் தரைதான் முக்கியம், ஏனென்றால் அவை வாழ்வதும் சண்டை போடுவதும் முட்டையிடுவதும் கீழேதான். உங்கள் தரை இரண்டரை சதுர அடி. ஒரு கிரிபென்சிஸ் ஜோடி முட்டையிட்டுவிட்டால் அதில் பாதியைத் தன் பேருக்கு எழுதிக்கொள்ளும். இன்னொரு சிக்லிட் ஜோடி மீதிப் பாதியில் நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஜெர்மன் ப்ளூ ராம் ஏன் வேண்டாம்? அது வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஓரினோகோ ஆற்றுப் படுகையின் புல்வெளிகளில் வாழ்வது. அங்கே தண்ணீர் மிக மென்மை, கொஞ்சம் அமிலத் தன்மை, நல்ல சூடு. 28 முதல் 30 டிகிரி வரை அதற்குச் சௌகரியம், ஆக நம் ஊர் வெயில் பிரச்சினையே இல்லை, தண்ணீரின் கடினம்தான் பிரச்சினை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள். போதாக்குறைக்குச் சில பண்ணைகளில் சீக்கிரம் நிறம் ஏறுவதற்காக ஹார்மோன் கொடுத்து விற்கிறார்கள். ஒரு அங்குலக் குட்டியே முழு வளர்ச்சி அடைந்த ஆண் மாதிரி மின்னினால் சந்தேகப்படுங்கள். 'வாங்கினேன், பத்து நாளில் போய்விட்டது' என்று அதிகம் புலம்பல் வருவது இந்த மீனைப் பற்றித்தான். உள்ளூரிலேயே நம் தண்ணீரில் குஞ்சு பொரித்து வளர்ந்தவை ஓரளவு தாங்கும், அதனால் லோக்கலா, இம்போர்ட்டா என்று கடைக்காரரிடம் கேட்பதில் தப்பில்லை. ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்கு மேல் கலந்து, வாரா வாரம் அதே அளவில் மாற்ற உங்களால் முடியும் என்றால் பிறகு யோசிக்கலாம். இன்னொன்று, ராமுக்குப் பிடித்த சூட்டில் நியான் டெட்ரா வதங்கும், அதற்கு 26 டிகிரிக்கு மேல் போனாலே கஷ்டம். ராமோடு சேர்த்து வைக்க கார்டினல் டெட்ராவோ ரம்மிநோஸ் டெட்ராவோதான் சரி.

பொலிவியன் ராம் ஜெர்மன் ப்ளூ ராமின் உறவுக்காரன்தான், ஆனால் குணத்தில் வேறு. நிறம் அவ்வளவு அடிக்காது: சாம்பலும் மஞ்சளும் கலந்த உடம்பு, துடுப்பு ஓரத்தில் சிவப்பு, நடுவில் ஒரு கரும்புள்ளி. கடைத் தொட்டியில் பார்த்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து பழகிய பிறகு பாருங்கள்: நாலு எட்டு வைத்து நின்று நின்று நீந்தும், குனிந்து ஒரு வாய் மணலை அள்ளும், செவுள் வழியாகப் பொலபொலவென்று உதிர்க்கும், கண் மட்டும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று அங்குலத்துக்குள் நிற்கும். கொஞ்சம் கடினமான தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும், கோரிடோராஸைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இதற்காகவாவது தரையில் கூரான கலர் கல்லை எடுத்துவிட்டு, நன்றாக அலசிய மெல்லிய மணல் போடுங்கள்.

கிரிபென்சிஸ் எளிதில் கிடைக்கும், கெட்டியான மீன், நைஜீரியா பக்கத்து ஆறுகளைச் சேர்ந்தது. இதில் அழகு பெண்ணுக்குத்தான், முட்டைக்குத் தயாராகும்போது வயிறு செர்ரிப் பழ நிறத்தில் சிவந்துவிடும். ஒரு கொட்டாங்குச்சியை நன்றாகக் கொதிக்கவைத்து, நாரைச் சுரண்டி, ஓரத்தில் இரண்டு விரல் நுழையும் அளவு வழி வெட்டிக் கவிழ்த்து வைத்தால் போதும், அதைக் குடித்தனமாக்கிக்கொள்ளும். உள்ளேயிருந்து மணலை வாய் வாயாக எடுத்து வந்து வெளியே துப்புகிறது என்றால் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம். சிக்கலும் அப்போதுதான். எல்லை கில்லை என்று எதுவும் தெரியாத கோரிடோராஸ் மணலை முகர்ந்துகொண்டே குஞ்சுகளுக்கு நடுவே போகும், கிரிபென்சிஸ் அதன் கண்ணைக் குறிவைத்துக் கொத்தும். ஆகவே கிரிபென்சிஸ் என்று முடிவு செய்தால் கோரிடோராஸை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவதுதான் நியாயம். கப்பிக் குஞ்சுகள் காணாமல் போகும், அதைப் பெரிய நஷ்டமாக நினைக்க வேண்டியதில்லை.

அபிஸ்டோகிராமா என்ற குட்டி சிக்லிட்டை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் கண்ணில் படும். அதில் காக்கடுவாய்ட்ஸ் என்ற வகை மற்றவற்றை விடக் கடினத் தண்ணீரைத் தாங்கும். ஓர் ஆணும் இரண்டு பெண்ணும், ஆளுக்கொரு கொட்டாங்குச்சி என்றால் இந்த இடத்தில் சமாளிக்கலாம். ஏஞ்சலும் சிக்லிட்தான், ஆனால் வளர்ந்தால் நியானைத் தின்னும், உங்கள் தொட்டிக்கு உயரமும் போதாது. நம் ஊர் சிக்லிட்டும் ஒன்று இருக்கிறது, கேரளத்துக் கரிமீனின் குட்டிச் சொந்தமான ஆரஞ்சு குரோமைட். தென்னிந்தியா, இலங்கைக் கழிமுகங்களில் வாழ்வது, கடினத் தண்ணீர் அதற்குக் கொண்டாட்டம், ஆனால் கூட்டமாக, தனித் தொட்டியில் வைக்க வேண்டியது.

டிடிஎஸ் 650 என்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் கடினம் என்று சொல்லிவிட முடியாது, உப்புத் தண்ணீரும் அதே எண்ணைக் காட்டும். சோப்பு நுரைக்கவில்லை, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்றால் கடினம்தான். தொட்டியில் இருக்கும் கல்லை எடுத்து இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், பொங்கினால் அது கடினத்தை இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கும் கல். வெள்ளைப் பவளத் துண்டு, மார்பிள் சில்லு எல்லாம் இந்த ரகம், வெளியே போட்டுவிடுங்கள்.

கடையில் மீனைச் சாப்பிட வைத்துப் பார்த்து வாங்குங்கள். வயிறு ஒட்டியிருந்தால், வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்கினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். டிடிஎஸ் பேனாவைக் கையோடு எடுத்துப்போய்க் கடைத் தொட்டித் தண்ணீரை அளந்துவிடுங்கள். அங்கே 200, உங்களிடம் 650 என்றால் கவரை அரை மணி மிதக்கவிட்டுத் திறந்து கொட்டுகிற வேலை ஆகாது. மீனை அதன் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, ஏர் பம்ப்புக்குப் போடும் மெல்லிய டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் இறக்குங்கள். அப்புறம் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டுவிட்டு, அந்த வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.