சின்ன கேமுக்கு ஃபீட்பேக் எழுதினா யாராவது படிக்கறாங்களா?

ஒரு இன்டி டெக்பில்டிங் கேமுக்கு (சின்ன டீம் செஞ்ச, ஆட ஆட கார்டு சேத்து நம்ம டெக்கை, அதாவது கார்டுக் கட்டை வளக்கற கேம்) ராத்திரி உக்காந்து ரெண்டு பக்கம் ஃபீட்பேக் எழுதினேன், செஞ்சவங்க ஒரு நன்றி கூடச் சொல்லலை, இனிமேல் எழுதணுமான்னு கேட்டிருக்கீங்க. நீங்க என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா "பேலன்ஸ் சரியில்லை, மூணாவது பாஸ் வில்லன் ரொம்ப ஓவர், மேப் போர் அடிக்குது, இந்த இந்த கார்டெல்லாம் சேருங்க"ன்னு ஒரு பட்டியல் போட்டிருப்பீங்கன்னு நினைக்கறேன். அப்படின்னா படிச்சிருப்பாங்க. படிச்சுட்டு, இதை வெச்சு என்ன பண்றதுன்னு தெரியாம விட்டிருப்பாங்க.

நான் கேம் செய்யறவன் இல்லீங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பனியன்காரனுக்கு கேம் டிசைன் பத்தி என்ன தெரியும்னு கீழ எழுத வர்றவங்க கொஞ்சம் பொறுங்க. அடுத்தவங்க ஃபீட்பேக்கை வாங்கித்தான் நான் சம்பளமே வாங்கறேன். சாம்பிள் அனுப்புவோம், பையர்கிட்ட இருந்து கமெண்ட்ஸ் வரும். "கழுத்து பாக்க நல்லா இல்லை"ன்னு ஒருத்தர் எழுதுவார். அதை எடுத்துக்கிட்டு பேட்டர்ன் மாஸ்டர்கிட்டப் போனா, என் மூஞ்சியைத்தான் பாப்பார். இன்னொருத்தர், "கழுத்து அகலம் ஸ்பெக்ல குடுத்த அளவை விட 1 செ.மீ. கூட இருக்கு, ஒரு வாஷுக்கு அப்புறம் கழுத்துப் பட்டி ரிப் அலை அலையா நிக்குது"ன்னு எழுதுவார். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாம வேலையை ஆரம்பிச்சுடுவார். ரிப்பை மாத்தறதா, தைக்கறப்ப இழுக்கறதைக் குறைக்கறதாங்கறது அவர் பாடு.

என் கேம் கதைக்கு வர்றேன். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா விளம்பரம்னு ஒரு கோஷ்டி கிளம்பும். காசு குடுத்து வாங்கினதுதான், அதையும் சொல்லிடறேன். ரெண்டு பேர் சேந்து செஞ்சு ஏர்லி ஆக்சஸ்ல, அதாவது முழுசா முடியறதுக்கு முன்னாடியே, விட்டிருந்தாங்க. தீவு தீவா சுத்தணும். பாழடைஞ்ச கோயில், இடிஞ்ச கலங்கரை விளக்கம், எங்க நுழைஞ்சாலும் ஒரு கார்டு கிடைக்கும். கடல்ல போறதுக்கும் அதே டெக், சண்டைக்கும் அதே டெக். யோசனை பிரமாதம். விளையாடினா ஏதோ உறுத்துச்சு.

இந்த வகை ஆட்டத்துக்கு வழி போட்டது 2008ல வந்த டொமினியன்ங்கற போர்டு கேம். அதுல 10 கார்டோட ஆரம்பிச்சு, தடவைக்கு 5 எடுப்போம். சேப்பல்னு ஒரு கார்டு இருக்கு, கையில இருக்கறதுல 4 கார்டு வரைக்கும் ஆட்டத்தை விட்டே தூக்கிப் போட விடும். பழகினவங்க அதுக்குத்தான் அடிச்சுக்குவாங்க. ஸ்லே த ஸ்பயர்ங்கற கம்ப்யூட்டர் கேம்ல ஐயர்ன்கிளாடுங்கற வீரனுக்கும் 10 கார்டுதான் தொடக்கம். சண்டையில ஜெயிச்சுக் கிடைக்கற கார்டை வேண்டாம்னு விட்டுட்டுப் போகலாம். கடையில ஒரு கார்டைக் கழிச்சு விட முதல்ல 75 கோல்டு, அடுத்தடுத்த தடவைக்கு 25, 25ஆ ஏறும். காசு குடுத்துக் கழிக்கற அளவுக்கு இதுல என்ன இருக்குன்னா, தடவைக்கு 5 எடுக்கறப்ப 10 கார்டு டெக்ல உங்க நல்ல கார்டு ரெண்டு சுத்துக்கு ஒருக்கா கைக்கு வரும். 30 கார்டு ஆயிட்டா ஆறு சுத்துக்கு ஒருக்கா. அதுக்குள்ள ஆள் காலி.

ஊர் சுத்தற கேம் மூலைமுடுக்கெல்லாம் எட்டிப் பாருன்னு கூப்பிடணும். நான் வாங்கின கேம்ல எட்டிப் பாத்தா கட்டாயம் ஒரு கார்டு, கார்டு சேந்தா டெக் கெட்டுப் போகுது. சுத்திப் பாத்தவனுக்கு அபராதம், பாக்காம நேராப் போனவனுக்கு வெற்றி.

எல்லாரும் "கார்டு டெலிட் பண்ற கடை வைங்க"ன்னுதான் எழுதிட்டு இருந்தாங்க. நான் கடை கிடைன்னு எதுவும் கேக்கலை. எந்தத் தீவு, டெக்ல எத்தனை கார்டு, முன்னாடி சண்டையில எந்தெந்த சுத்துல கையில ஒண்ணுமே உருப்படியா இல்லைன்னு எழுதிட்டு, "வடக்கால ஒரு குகை தெரிஞ்சுது, உள்ள என்னன்னு பாக்க ஆசையா இருந்துச்சு, இன்னொரு கார்டைத் தலையில கட்டிடுவீங்கன்னு பயந்து போகலை"ன்னு முடிச்சேன்.

பதிலா? வரவே இல்லை. கொஞ்ச நாள் கழிச்சு கேமைத் திருத்தி ஒரு பேட்ச் வந்துச்சு. கிடைச்ச எடத்துல கார்டை எடுக்கலாம், இல்லாட்டி அதை அங்கயே விட்டுட்டு விளக்குக்கு எண்ணெயோ தண்ணியோ எடுத்துக்கலாம். விட்டுட்டு வந்த கார்டு மேப்ல குறியா நிக்கும், வேணும்னா பின்னால வந்து எடுத்துக்கலாம். இது எனக்குத் தோணியே இருக்காது. டெலிட் கடை வெச்சிருந்தா ஆளாளுக்கு ஒரே மாதிரி பன்னெண்டு கார்டோட சுத்திட்டு இருந்திருப்போம். என்னாலதான் இது வந்துச்சுன்னு சத்தியம் பண்ணலைங்க, இதையே இன்னும் பல பேர் எழுதியிருக்கலாம்.

"அவங்ககிட்டத்தான் டேட்டா இருக்கே"ன்னு ஒரு வாதம் வரும். இருக்கு. ஸ்லே த ஸ்பயர் செஞ்சவங்களே 2017 நவம்பர்ல இருந்து 2019 ஜனவரி வரைக்கும் ஏர்லி ஆக்சஸ்ல வெச்சு, ஜனங்க ஆடின கணக்கைப் பாத்துத்தான் கார்டுகளைச் சரி பண்ணினாங்க. ஆனா ஆள் எங்க செத்தான்னு கணக்குல தெரியும். ஒரு குகையைப் பாத்துட்டு ஏன் உள்ள போகலைன்னு அந்த ஆள் சொன்னாத்தான் தெரியும். நீளமா எழுத நேரமில்லைன்னாலும் கேம் விக்கற ஸ்டீம் தளத்துல ரெண்டு வரி ரிவ்யூவாவது போடுங்க, 10 ரிவ்யூ சேர்ற வரைக்கும் அந்த கேமுக்கு மதிப்பீடே காட்ட மாட்டாங்க.

கேக்காததையும் ஒண்ணு சொல்லிடறேன், மனசுல கெடக்குது. காங்கேயத்துல இருந்து மாமனார் வந்திருந்தார். லேப்டாப்ல கார்டைப் பாத்துட்டு, "ஏனுங் மாப்ள, இதுல எவ்வளவுங்க போச்சு?"ன்னார். ரம்மின்னு நினைச்சுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, ரம்மியில தோட்டத்தை அடமானம் வெச்ச குடும்பம் அவங்க ஒறம்பரையிலயே இருக்கு. 2022ல தமிழ்நாட்டுல ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்துச்சு, 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதுகளுக்கு அந்தத் தடை செல்லாதுன்னுடுச்சு, 2025ல மத்திய அரசு காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்துக்கும் தடை போட்டுச்சு. இத்தனை வருசமும் ரம்மி கம்பெனிக்காரங்க கிரிக்கெட் மேட்சுக்கு நடுவுல சிரிச்சுச் சிரிச்சு விளம்பரம் ஓட்டினாங்க. அவங்க சம்பாதிச்சுட்டாங்க. ஒத்தைப் பைசா பந்தயம் இல்லாத கேம் விளையாடற நான், ஒறம்பரை வந்தா லேப்டாப்பை மூட வேண்டியிருக்கு. தனியாளா நம்ம ஊர்ல கார்டு கேம் செய்யறவங்க வீட்டுல என்ன பாடு படறாங்களோ.

சரி, நீங்க எழுதறதை நிறுத்தாதீங்க, பட்டியலை மட்டும் விட்டுடுங்க. அந்த கேம்ல ஓடம்னு ஒரு கார்டு இன்னும் மோசமாத்தான் இருக்கு, காத்து எதிர்த்து அடிச்சா கையிலயே சும்மா ஒக்காந்துக்கும். அதையும் போன வாரம் எழுதி அனுப்பினேன், எந்தத் தீவு, எத்தனாவது சுத்து, கையில கூட என்னென்ன இருந்துச்சுன்னு.